பின்னறைக் குடித்தனக்காரர்

— எத்தனை பேர் இருந்தீங்க அந்த அறையில?

— ஒரு நூறு பேர் இருப்போம்.

— பார்ட்லி.

— அம்பது.

— அளவா சொல்லு.

— ஏழு பேர். தலைவி கன்செப்டாவையும் சேர்த்தா எட்டு. ஆனா எல்லாரும் கனத்த உடம்பு, டிம்ஃப்னா. நூறு பேர் மாதிரிதான் இருந்தது. ஹோட்டல்காரன் பயந்துபோய் தரைக்குக் கீழ முட்டுக் கொடுத்திருந்தான்.

— நான் சிரிக்கப் போறதில்ல. ரயில் டப்ளினை விட்டுக் கிளம்பி பத்து நிமிஷம் ஆச்சு. அத்லோன் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள அந்த ஏழு பேரும் உள்ள என்ன பண்ணினீங்கன்னு ஒண்ணு விடாம, ஒண்ணு சேர்க்காம நீ சொல்லணும். இல்லைன்னா நான் அத்லோன்ல இறங்கி என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்.

— எத்தனை நாளைக்கு?

— இன்னும் அளவு எடுக்கல.

— அட்ராக்டா வீட்டுக்கா? அங்க ஒன்பது பூனை இருக்கு.

— ரெண்டு.

— ஒவ்வொண்ணும் நாலரை பூனை கனம். போன தடவை ஒண்ணு என் மடியில உட்கார்ந்துச்சு, எனக்கு ரெண்டு நாள் கால் இருக்கிறதே தெரியல.

— பார்ட்லி, நேத்து வெள்ளிக் கொக்கு எனக்குக் கிடைக்கல. அதுக்காக நான் அழல. இந்த நாட்டுல எடுக்கிற சினிமாவுக்கும் டி.வி. நாடகத்துக்கும் வருஷா வருஷம் அந்தக் கொக்கைத்தான் விருதாக் குடுக்கிறாங்க. நானும் ஆறு தடவை போய் உட்கார்ந்து, ஆறு தடவை அடுத்தவங்களுக்குக் கை தட்டிட்டு வந்திருக்கேன். உள்ளங்கை காய்ச்சுப் போச்சு. இதுதான் என் கடைசிப் படம். கண்ணு ஊசிக் காதைப் பார்க்க மாட்டேங்குது. ஏழாவது தடவைன்னு ஒண்ணு கிடையாது. அதுவும் போகட்டும். ஆனா சிறந்த உடைக்குக் கொக்கு யாருக்குன்னு முடிவு பண்ணின ஏழு பேர்ல ஒருத்தன் நீ. பதினோரு வருஷமா என் அடுப்புல சாப்பிட்டு என் கட்டில்ல தூங்குற நீ.

— மெதுவாப் பேசு. ஆளுங்க இருக்காங்க.

— பார். ஆரம்பிச்சுட்ட.

— நான் என்ன ஆரம்பிச்சேன்? நாற்பது வருஷம் படப்பிடிப்புல சத்தம் பிடிச்சவன் நான். எந்தச் சத்தம் எத்தனை வரிசை தள்ளிக் கேட்கும்னு எனக்குத் தெரியும். நீ இப்ப சொன்னது இன்ஜின் டிரைவருக்குக் கேட்டிருக்கும். அவன் இந்நேரம் அடுத்த ஸ்டேஷனுக்குப் போன் போட்டிருப்பான்.

— மூணு வாரத்துக்கு முன்னால டப்ளின் போயிட்டு வந்து என்கிட்ட என்ன சொன்ன? "உன் பேரு வந்ததும் எழுந்து வெளிய போயிட்டேன் டிம்ஃப்னா, என்ன நடந்ததுன்னு எனக்கே தெரியாது"ன்ன. அதை இப்ப ஒரு தடவை சொல்லு. என் முகத்தைப் பார்த்து.

— ஜன்னல் பக்கம் வெயில்ல கண்ணு கூசுது.

— வெயில் எங்க இருக்கு? மழை பெய்யுது.

— கேளு. விதி உனக்கே தெரியும். ஒரு பேரு மேசைக்கு வந்தா, அந்த ஆளோட உறவு, சிநேகம், கூட வேலை, சண்டை, எது இருந்தாலும் அதை வாய் விட்டுச் சொல்லிட்டு எழுந்து வெளிய போயிடணும். நல்ல விதிதான். சீனா மாதிரி பெரிய நாட்டுக்கு நல்ல விதி. நம்ம நாட்டுல நடுவராகணும்னா நேத்துதான் பொறந்திருக்கணும், அதுவும் வேற ஊர்ல. உன் பேரைக் கன்செப்டா வாசிச்சா பாரு, நாற்காலி கிறீச்சிட்ட சத்தம் இருக்கே, நான் நாற்பது வருஷத்துல அப்படி ஒரு சத்தம் பிடிச்சதில்ல.

— எத்தனை நாற்காலி?

— நாலு.

— யார் யாரு?

— முதல்ல அந்தத் தலைமுடி சிங்காரிக்கிறவ எழுந்தா. "என் ரெண்டாவது பொண்ணுக்கு ஞானஸ்நானம் பண்ணும்போது டிம்ஃப்னாதான் ஞானத்தாய். என் மனசு ஒரு பக்கம் சாயும்"னுட்டு, ஒரு கேக் துண்டைக் கையில எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

— ம்.

— அடுத்தது படத்தொகுப்பு பண்ற நெட்டையன். உன்கிட்ட குதிரை வாங்கினானாம். நல்ல குதிரையாம். நல்ல குதிரை வித்தவங்களுக்கு எதிரா எப்படி ஓட்டுப் போடறதுன்னு கண்ணு கலங்கிட்டான். நீ குதிரை வித்த கதையை எனக்குச் சொல்லவே இல்லையே?

— மேல சொல்லு.

— மூணாவது, லைட் போடற தடியன். உன் ஒண்ணுவிட்ட தங்கச்சியை நிச்சயம் பண்ணி, கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால படகேறி ஓடினானாமே. உங்க குடும்பத்து முகத்துல முழிக்கவே கூசுதாம். நாலாவதுதான் உச்சம். முன்னால பாதிரியாரா இருந்தாரே, இப்ப டி.வி. சீரியல் எழுதறவர். அவர் மெதுவா எழுந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைச்சு, "ஒரு காலத்துல இந்த அம்மாவோட பாவமன்னிப்பைக் கேட்டவன் நான். எனக்கு ரொம்பத் தெரியும். நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது"ன்னார். எல்லாரும் உன்னைப் பத்தி என்னென்னமோ நினைச்சிருப்பாங்க. எனக்கே கொஞ்சம் பெருமையா இருந்தது.

— அப்புறம்?

— வராந்தா நிறைய ஆளு. நடுவர் கூட்டம் வெளிய, காலி நாற்காலி உள்ள. ஹோட்டல்காரன் கல்யாண வீடுன்னு நினைச்சு மூணு அடுக்குக் கேக்கைத் தள்ளிக்கிட்டு வந்துட்டான்.

— பார்ட்லி.

— பிஸ்கட்.

— நீ?

— நானா?

— நீயும் வராந்தாவுலதானே இருந்த?

— ஆமா. நானும்தான். பிஸ்கட் கூட ரெண்டு எடுத்தேன். இஞ்சி பிஸ்கட்.

— ஏழு பேர்ல நாலு பேர் போனாங்க. நீயும் போனா அஞ்சு. மீதி எத்தனை?

— கணக்குல நான் எப்பவுமே...

— ரெண்டு. தலைவிக்கு ஓட்டு இல்ல. மூணு பேருக்குக் குறைஞ்சா அந்த ஓட்டு செல்லாது. நான் ரெண்டு தடவை நடுவரா இருந்தவ, பார்ட்லி. கோட்டுக்கு அளவெடுத்தே கை காய்ச்சவகிட்ட வந்து ஏழுல இருந்து அஞ்சு கழிக்கச் சொல்ற.

— மன்னிக்கணும். இந்த சீட்டு காலியா?

— காலிதான். உட்காருங்கம்மா.

— நான் டல்லமோர் வரைக்கும்தான். ஐயோ, அக்கா. நீங்க அவங்கதானே? நேத்து டி.வி.ல வந்தீங்களே. தோத்தவங்க முகத்தைக் கட்டம் கட்டமாக் காட்டினாங்கல்ல, அதுல மூணாவது கட்டம் நீங்க.

— ஆமாம்மா. மூணாவது கட்டம் நான்தான்.

— எங்க வீட்டுல ஒரே பேச்சு அக்கா. கை தட்டினா இப்படித் தட்டணும்னு. பெத்த பொண்ணு ஜெயிச்ச மாதிரி தட்டினீங்களே. பக்கத்துக் கட்டத்துல இருந்தவளைப் பார்த்தீங்களா? எலுமிச்சம்பழத்தைக் கடிச்ச மாதிரி மூஞ்சி. எங்கே, கையைக் குடுங்க அக்கா. உங்க துக்கத்துல நானும் பங்கு.

— யாரும் சாகலைம்மா.

— தெரியும் அக்கா. இருந்தாலும் சொல்லிடணும்ல. ஆறாவது தடவையாமே. எங்க அத்தைக்கு இப்படித்தான் இடுப்பை ஆறு தடவை அறுத்தாங்க. அந்தச் சிவப்புக் கோட்டு போட்ட பேண்டு வாத்தியக்காரங்க படம் உங்களுதுதானே? எங்க அப்பா பார்த்துட்டு அழுதாரு. அறுபத்தி நாலுல அவர் ஆடப் போன மண்டபத்துல அதே கோட்டாம். அதே வியர்வைக் கறையாம். அது எப்படி அக்கா பண்ணினீங்க?

— டீத்தண்ணி, உப்பு, கேரட் துருவி. பாக்கெட்டுல கல்லைப் போட்டு நாலு நாள் தொங்க விடணும். அப்புறம் யாராவது ஒருத்தர் அதைப் போட்டுக்கிட்டு வாழணும்.

— யாரு போட்டுக்கிட்டு வாழ்ந்தாங்க? இவரா? இவர் உங்க வீட்டுக்காரரா அக்கா?

— அவரையே கேளுங்க.

— ஐயா, நீங்கதானே அக்காவோட வீட்டுக்காரர்?

— நானா? நான் இந்த அம்மா வீட்டுல பின்னறையில குடித்தனம் இருக்கேன். ரெண்டு பேரும் ஒரே ஊருக்குப் போறதால ஒரே ரயில். அவ்வளவுதான்.

— ஓ. மன்னிச்சிடுங்க ஐயா. அக்கா உங்க ரொட்டியில ஓரத்தை வெட்டிட்டுக் குடுத்திருக்காங்களே, அதைப் பார்த்து நான் என்னமோ நினைச்சுட்டேன்.

— அவருக்குக் கடைவாய்ப் பல்லு ரெண்டு இல்லம்மா. குடித்தனக்காரங்களுக்கு இந்த அளவுக்காவது செய்யணும்ல.

— நல்ல மனசு அக்கா உங்களுக்கு. இந்தக் காலத்துல யாரு செய்யறா. சரி, என் ஸ்டேஷன் வருது. அடுத்த வருஷம் கண்டிப்பா உங்களுக்குத்தான், எழுதி வெச்சுக்கோங்க. வரேன் அக்கா. வரேன் ஐயா, வாடகையை ஒழுங்காக் குடுங்க.

— டிம்ஃப்னா, அவ யாரோ. டல்லமோர்க்காரி. அவகிட்ட என்னத்தைச் சொல்றது?

— யாரோதான். மறுபடி பார்க்கவே போறதில்ல. அவகிட்டகூட உன் வாய்ல வரல.

— பழக்கதோஷம்.

— பத்து மணிப் பூசைக்கு நீ போற, பன்னெண்டு மணிப் பூசைக்கு நான் போறேன். உன் சட்டையைக் கொல்லையில காயப் போட்டா தெரிஞ்சிடும்னு பதினோரு வருஷமா அடுப்பங்கரையில கொடி கட்டிக் காய வைக்கிறேன். நேத்து அத்தனை பெரிய மண்டபத்துல நான் எட்டாம் நம்பர் மேசை, நீ முப்பத்தொண்ணாம் நம்பர் மேசை, சமையல்கட்டுக் கதவுகிட்ட. கதவு திறக்கிறப்ப எல்லாம் உன் மூக்கு தெரிஞ்சது.

— நோரீனோட அண்ணனுங்க எதிர் வீட்டுல இருக்காங்க டிம்ஃப்னா. மூணு பேர். ஒவ்வொருத்தனும் கொடிமரம் உசரம். என் பொண்டாட்டி நோரீன் செத்து நாலே வருஷத்துல உன் வீட்டுக்குக் குடி வந்தேன். தங்கச்சியை மறந்துட்டான்னு ஒரு வார்த்தை அவங்க வாய்ல வந்துட்டா நான் தாங்க மாட்டேன். அதைத்தானே அன்னைக்கே உன்கிட்ட சொன்னேன். நீயும் சரின்ன.

— சரின்னேன். ஒரு வருஷம், ரெண்டு வருஷம்னு நினைச்சு சரின்னேன். இப்ப அறைக்கு வா. எத்தனை பேர் ஓட்டுப் போட்டீங்க?

— மூணு.

— கேட்டதும் ஒரே அளவுல சொல்லிட்ட. நீ அப்படிச் சொல்றவனே இல்லையே. சொல்லு.

— கார்க் ஊர்க்காரன் ஒருத்தன், செட் போடறவன். பெல்ஃபாஸ்ட்ல இருந்து வந்த ஒரு சின்னப் பொண்ணு, உன் பேரையே அன்னைக்குத்தான் கேக்குறா. அப்புறம் நான்.

— உன்னைக் கேட்டாங்களா?

— கன்செப்டா கேட்டா. "பார்ட்லி, நீங்களும் கானமாரா பக்கம்தானே? உங்களுக்கு டிம்ஃப்னாவைத் தெரியுமா?" அப்படின்னா.

— நீ என்ன சொன்ன?

— என் நிலைமையை யோசிச்சுப் பாரு. ஒவ்வொருத்தனா எழுந்து போறான். நானும் போயிட்டா உள்ள உன் பக்கம் யாரு இருக்கா? அந்தப் பொண்ணு கடற்பாசியில கவுன் தெச்சவளோட பேரையே சொல்லிக்கிட்டு இருந்தா. கடற்பாசி, டிம்ஃப்னா. அந்த நடிகையைச் சுத்தி கடல்காக்கா பறந்திருக்கும். அதுக்கா கொக்கு?

— நீ என்ன சொன்ன, பார்ட்லி?

— பார்த்திருக்கேன்னு சொன்னேன்.

— எங்க?

— அவ எங்கன்னு கேக்கல.

— நீயா சொன்னது இருக்கும்ல. நீ ஒத்தை வார்த்தையோட நிறுத்தறவன் இல்ல. எங்க பார்த்திருக்கியாம் என்னை?

— போஸ்ட் ஆபீஸ்ல. வரிசையில நிக்கும்போது.

— நான் என்ன வாங்க நின்னேனாம்?

— ஸ்டாம்பு.

— ஸ்டாம்பு. சரி.

— உனக்காகத்தான் சொன்னேன். செத்துப்போன எங்கம்மா மேல ஆணை. பொய் சொன்னாத்தான் உள்ள இருக்க முடியும், உள்ள இருந்தாத்தான் உனக்கு ஓட்டுப் போட முடியும்.

— கொக்கு தலையில வெண்ணெயை வெச்சு, அது உருகிக் கண்ணை மறைக்கும்போது பிடிக்கப் போனியாக்கும்.

— கிட்டத்தட்டப் பிடிச்சே இருப்பேன். உன் கோட்டுங்களோட போட்டோவை எல்லாம் மேசையில பரப்பினாங்க. அக்கார்டியன்காரன் கோட்டு மேல வந்தது. அந்தக் கார்க் ஊர்க்காரன் அதைக் கையில எடுத்து, "இது தையல் இல்லைங்க, இது நிஜ முழங்கை. யாரோ ஒருத்தன் இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டுக் கழுதைக்குத் தண்ணி காட்டியிருக்கான்"ன்னான். நாலு மாசம் அதைப் போட்டுக்கிட்டுச் சுத்தினவன் நான். அது என் முழங்கை. என் முழங்கைக்கு நாலு நிமிஷம் பாராட்டு நடக்குது, நான் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருக்கேன். முழங்கையை மேசைக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்தேன்.

— அவன் ஓட்டு யாருக்கு?

— உனக்கு. முதல் ஆளாப் போட்டான். போட்டுட்டு என்னைப் பார்த்து ஒத்தைக் கண்ணைச் சிமிட்டிக்கிட்டே இருந்தான். பாவம், கண்ணுல ஏதோ கோளாறு.

— அந்தப் பொண்ணு?

— கடற்பாசிக்கு. அப்புறம் கன்செப்டா என் பக்கம் திரும்பி, ரொம்பப் பிரியமா, "உங்களுக்குத்தான் எந்தச் சம்பந்தமும் இல்லையே பார்ட்லி. நீங்க சொல்றதுதான் முடிவு"ன்னா.

— மூணாவது ஓட்டு யாருக்கு?

— ரயில் நிக்குது.

— இது கிளாரா. அடுத்தது அத்லோன். மூணாவது ஓட்டு யாருக்கு, பார்ட்லி?

— பேனாவைக் கையில எடுத்துட்டேன். உன் பேரை எழுதத்தான் எடுத்தேன். அப்பதான் திடீர்னு எனக்குத் தெரிஞ்சது, நீ மேடையேறுவ. பேசுவ. அழுவ. "என் பார்ட்லிதான் நாலு மாசம் அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு வாழ்ந்தார்"னு சொல்லுவ. கீழ மத்த ஆறு நடுவரும் உட்கார்ந்திருப்பாங்க. போஸ்ட் ஆபீஸ்ல ஸ்டாம்பு வாங்கினவ எதுக்கு இவன் பேரைச் சொல்றான்னு பார்ப்பாங்க. எதிர் வீட்டுல நோரீன் அண்ணனுங்க மூணு பேரும் டி.வி. முன்னால. மறுநாள் பத்திரிகை. உன் கையில இருந்து கொக்கைப் பிடுங்கிடுவாங்க. போலீசு, நாய், ஹெலிகாப்டர்...

— பார்ட்லி.

— கொக்கைப் பிடுங்கிடுவாங்க. அது நடக்கும்.

— அதனால?

— அதனால கடற்பாசிக்குப் போட்டேன்.

— நான் உனக்கு நன்றி சொல்லிடுவேன்னு பயந்து என்னைத் தோக்கடிச்ச.

— அப்படிச் சொன்னா கேவலமா இருக்கு.

— வேற எப்படிச் சொல்லலாம்னு நீ சொல்லு. கதை கட்டுறதுல நீதானே கெட்டிக்காரன். அந்த ஓட்டுக்கு மறுநாள்ல இருந்து மூணு வாரம் நான் மாடிப்படியில நின்னு நன்றி உரையை ஒத்திகை பார்த்தேன். நீ கீழ நின்னு கடிகாரம் பிடிச்ச. "இன்னும் அஞ்சு செகண்டு குறை, மூச்சு வாங்குற இடம் சரியில்ல"ன்னு திருத்தம் வேற சொன்ன.

— மூச்சு நிஜமாவே சரியில்ல.

— தோத்துட்டேன்னு தெரிஞ்சே சொன்ன.

— நிறுத்தச் சொன்னா ஏன்னு கேட்டிருப்ப.

— அந்த உரையில யார் யார் பேரு இருந்தது? நீதான் தினம் கேட்டியே.

— தையல் பொண்ணுங்க ஆறு பேர். சாயம் போட்டவர். கோட்டைப் புதைச்சு வைக்கச் சேத்து நிலம் குடுத்த மூலை வீட்டுக்காரர். உன் அம்மா. கழுதை.

— கழுதை பேரு இருந்தது.

— இருந்தது. ரெண்டு தடவை.

— உன் பேரு?

— இல்ல.

— ஏன் இல்ல?

— நான்தான் வெளிய எங்கேயும் என் பேரை எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்.

— பதினோரு வருஷம் ஒரு கல்யாண வீட்டுல, ஒரு சாவு வீட்டுல, ஒரு டாக்டர்கிட்டகூட எடுக்கல. மேடையில மட்டும் எடுத்திருப்பேனா? என்னை அவ்வளவுதான் தெரியுமா உனக்கு? நீ அந்த அறையில சொன்னது பொய்யே இல்ல பார்ட்லி. நீ என்னை போஸ்ட் ஆபீஸ்லதான் பார்த்திருக்க.

— முதல் நாள் ஒத்திகையில என் பேரு வரல. சரி, நாளைக்குச் சேர்ப்பான்னு நினைச்சேன். ரெண்டாவது நாள் வரல. மூணாவது நாள் வராதப்போ, கொல்லைக்குப் போய் கழுதை பக்கத்துல நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன். இதுல நான் ஒரு எள்ளளவு கூடச் சேர்க்கல.

— தெரியுது.

— இறங்காத டிம்ஃப்னா. வீட்டுக்கு வா. நான் எதிர் வீட்டுக்கே போய்ச் சொல்றேன். மூணு பேரையும் நிக்க வெச்சுச் சொல்றேன். அடிச்சா அடிக்கட்டும்.

— யாரும் உன்னை அடிக்க மாட்டாங்க. நோரீனோட பெரிய அண்ணன் எட்டு வருஷமா கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நம்ம கதவைத் தட்டி வாத்து குடுத்துட்டுப் போறாரே, எதுக்குன்னு நினைச்ச?

— அக்கம்பக்கத்து மரியாதை.

— "ரெண்டு பேருக்குச் சரியா இருக்கும்"னு சொல்லிக் குடுப்பாரு. ஒவ்வொரு வருஷமும் அதே வார்த்தை. உன் காதுல விழுந்திருக்கும், நீ சத்தம் பிடிக்கிறவன்.

— சின்ன வாத்துன்னு சொல்றாருன்னு நினைச்சேன்.

— நேத்து எல்லாம் முடிஞ்சதும் கழட்டிக் குடுத்த கோட்டைத் திரும்ப வாங்குற இடத்துல கன்செப்டா என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதா.

— அவ எதுக்கு அழுதா?

— "உங்க ஆளு ஏன் இப்படிப் பண்ணிட்டாரு"ன்னு கேட்டு அழுதா.

— உங்க ஆளுன்னா சொன்னா?

— உங்க ஆளுன்னுதான் சொன்னா. மேல இருக்கிற என் பையை எடுத்துக் குடு.

— அவளுக்கு எப்படித் தெரியும்?

— யாருக்குத் தெரியாதுன்னு கேளு. அந்த பெல்ஃபாஸ்ட் பொண்ணுக்குத் தெரியாது. மத்தபடி இந்த நாட்டுல குடித்தனக்காரர் கதையை நம்பின ஒரே ஆள் நீதான்.

— அப்ப அன்னைக்கு நான் போஸ்ட் ஆபீஸ்னு சொன்னப்ப, பொய்யின்னு தெரிஞ்சேவா என்னை உள்ள விட்டு வெச்சாங்க?

— பையைக் குடு. ரயில் நின்னாச்சு.

— இதை மட்டும் சொல்லிட்டுப் போ. தெரிஞ்சும் ஏன் டிம்ஃப்னா சும்மா இருந்தாங்க?

— எழுந்து போனாங்களே நாலு பேர், அவங்க யாருக்கும் நான் உறவும் இல்ல, பழக்கமும் இல்ல, பார்ட்லி. உன் கையால எனக்கு வரட்டும்னுதான் ஒருத்தர் பின்னால ஒருத்தரா எழுந்து போனாங்க.